ஆசிரியர் பயிற்சியில் இணையவழி வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள். லேப்டாப், பேனா டேப்லெட் எல்லாம் வாங்கியாக வேண்டுமா?

வேண்டாம். கையில் இருக்கும் போனும் ஒயர் வைத்த ஒரு ஹெட்செட்டும் போதும். கரும்பலகை இல்லாமல் எதில் எழுதிக் காட்டுவது என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். கணக்கு, இலக்கணம், வரைபடம் எடுப்பவர்களுக்கு முதலில் வருவது அதுதான்.

மேசையில் ஓர் அடி உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்குங்கள். பின்கேமரா கீழே பார்க்கும்படி போனை அதன்மேல் படுக்க வைத்து, கேமரா உள்ள முனையை மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டிவிடுங்கள். மறுமுனையில் ஒரு கனமான புத்தகம். அந்த உயரத்தில் குறுக்குவாட்டில் வைத்த ஏ4 தாள் முழுதாக அடங்கும்.

இதில் எல்லோரும் மாட்டுவது ஒரே இடத்தில்தான்: படம் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ போகும். எந்தப் பக்கம் மேல் என்பதை போன் புவியீர்ப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. படுத்துக்கிடந்தால் அதற்குத் தெரியாது. முதலில் போனைக் குறுக்குவாட்டில் நிமிர்த்திப் பிடியுங்கள். படம் திரும்பியதும் அப்படியே மெல்லச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

பால்பாயின்ட் பேனா கூடாது. மாணவர்களுக்கு 360பி தரத்தில், அதாவது உயரத்தில் 360 புள்ளிகளாக, படம் போனால், தாளில் சுமார் 0.6 மில்லிமீட்டர்தான் திரையில் ஒரு புள்ளி. பேனாக் கோடு அதைவிட மெலிது, கரைந்துபோகும். ஸ்கெட்ச் பேனாவால் ஒரு சென்டிமீட்டர் உயர எழுத்தில், தாளுக்கு ஏழெட்டு வரிக்கு மேல் போகாமல் எழுதுங்கள். விளக்கு தலைக்கு மேல் இருந்தால் போனின் நிழலும் கையின் நிழலும் தாளில் விழும். வலக்கையால் எழுதுபவர் என்றால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரட்டும்.

முகம் காட்ட இன்னொரு கருவியிலும் நுழைந்தால், அதில் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஒன்றை விட்டாலும் எதிரொலியோ ஊளையோ கேட்கும். சின்ன வகுப்புக்குப் பாட்டும் கைத்தட்டலும் உண்டென்றால், இரைச்சல் நீக்கும் வசதியையும் நிறுத்துங்கள். அது தாளத்தை இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும்.

அடுத்தது டேட்டா. விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேர வீடியோ 450 எம்பி தின்னும். விநாடிக்கு 24 கிலோபிட்டில் பதிவு செய்த ஐந்து நிமிடக் குரல் ஒரு எம்பிகூட வராது. அதனால் நேரலைக்கு வர முடியாதவர்களுக்கு முழு வகுப்பின் பதிவை அனுப்பாதீர்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். எழுதிய தாளின் படம் ஒன்று, அதை விளக்கும் குரல்பதிவு ஒன்று. வீடியோதான் வேண்டுமென்றால் ஆறு நிமிடத்துக்குள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் பாடங்களை வைத்து 2014-இல் வந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமானாலும் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை.

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். மௌனம்தான் பதிலாக வரும். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார், அதை மூன்று நொடி ஆக்கினாலே பதில்கள் நீள்கின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே காட்டிவிட்டார். அது நேரடி வகுப்புக் கணக்கு. இங்கே மியூட்டை எடுக்கும் நேரமும் நெட் தாமதமும் சேர்வதால் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அதைவிட நல்ல வழி: "பதிலை சாட்டில் டைப் பண்ணுங்க, நான் சொல்ற வரைக்கும் அனுப்பாதீங்க." பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்பட்டும். இல்லாவிட்டால் முதலில் வந்த பதிலையே வகுப்பு முழுதும் காப்பியடிக்கும்.

"அப்படியானால் ஸ்லைடே வேண்டாமா?" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: படம், வரைபடம், நீளமான உரைப்பகுதி காட்ட ஸ்லைடு வேண்டும். ஒரு கணக்கைப் படிப்படியாகப் போட்டுக் காட்ட வேண்டாம். ஆனால் பயிற்சி வகுப்பைப் பார்க்க வருகிறவர்களில் சிலர் ஸ்லைடில் எழுத்து பறந்து வந்தால்தான் மதிப்பெண் போடுகிறார்கள். எல்லா மாணவரின் கேமராவும் எரிகிறதா என்று எண்ணுகிறவர்களும் உண்டு. ஒரே அறையில் நான்கு பேரோடு உட்கார்ந்து படிக்கும் பிள்ளை எதைக் காட்டும்? மதிப்பீட்டுத் தாளை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் பாருங்கள். அனிமேஷனுக்குக் கட்டம் இருந்தால் ஒரு ஸ்லைடைப் பறக்கவிட்டுவிட்டு வேலையைத் தொடருங்கள்.

ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும். பாடக்குறிப்பை 35-க்கு எழுதுங்கள். "நான் காணாமல் போனால் இந்தப் பக்கத்தில் மூன்றாவது கணக்கைப் போடுங்கள்" என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டால், நெட் போனாலும் வகுப்பு கலையாது.

வீட்டுப்பாடத்தை கூகுள் ஃபார்மில் கோப்பாகக் கேட்டால் மாணவர் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஒரே ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெயரும் தேதியும் செய்தியில் வேண்டாம், தாளின் மூலையிலேயே இருக்கட்டும். படங்களை இறக்கி வைத்த பிறகு எது யாருடையது என்று சொல்ல அதைத் தவிர வேறு அடையாளம் இருக்காது.