பையில் கிடந்த பான்கேக்

அன்புள்ள ஐயா,

கஞ்சத்தனத்துக்குப் பேர்போன ஆங்கிலேயர் ஜான் எல்வெஸ் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். 1789இல் சாகும்போது ஐந்து லட்சம் பவுண்டு வைத்திருந்தவர், எவரோ எறிந்த விக்கை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். இது மனநோய்தானே? இவர்களெல்லாம் ஏன் அனுபவிக்காமலே சாகிறார்கள்? அமெரிக்காவின் கஞ்சப் பணக்காரி ஹெட்டி கிரீன் பற்றியும் எழுதுங்கள்.

கௌதமன்

அன்புள்ள கௌதமன்,

ஹெட்டி கிரீன் இன்னொரு நாள். மனநோய் என்று போகிறபோக்கில் சொல்லாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். நமக்குப் புரியாதவனெல்லாம் பைத்தியமா?

கஞ்சன் என்பவன் எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவன். எல்வெஸ் அப்படியா? அவரை நேரில் அறிந்த எட்வர்ட் டாப்ஹாம் 1790இல் எழுதியதைப் பாருங்கள். நியூமார்க்கெட் குதிரைப் பந்தயத்தில் அபிங்டன் பிரபுவுக்குக் கட்டப் பணமில்லை. கேட்காமலே ஏழாயிரம் பவுண்டு கொடுத்தார் எல்வெஸ். பந்தய நாளில் ஒரு பாதிரியாரோடு விடிகாலையில் குதிரை ஏறியவர், சாயங்காலம் வரை அந்த மனிதருக்குப் பச்சைத் தண்ணீர்கூட வாங்கித் தரவில்லை. பாவம், பசி தாங்காமல் அவர் முனகியதும் கோட்டுப் பையில் கையை விட்டு நசுங்கிய பான்கேக் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். இரண்டு மாதம் முன்பு வீட்டிலிருந்து பையில் போட்டுக்கொண்டது, இன்னும் புதுசு மாதிரி இருக்கிறது என்றாராம். காலையில் ஏழாயிரத்தைப் பணயம் வைத்தவர், மூன்று ஷில்லிங் மிச்சம் என்ற சந்தோஷத்தில் அன்றிரவு படுத்தார். இதற்குமேல் என்னய்யா அனுபவிக்க வேண்டும்?

கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கவும் அவருக்கு வாய் வராது. கனவான்களிடம் போய்ப் பணம் கேட்பதாவது!

இந்த இடத்தில் எனக்கு என் பெரியப்பாதான் நினைவுக்கு வருகிறார். கடலை மண்டி வைத்திருந்தார். மழுங்கிய சவர பிளேடைக் கண்ணாடி டம்ளரின் உள்பக்கம் விரலால் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து மூன்று மாதம் ஓட்டுவார். அந்தக் கிரீச் சத்தத்தில்தான் நாங்கள் எழுந்திருப்போம். கன்னமெல்லாம் கீறல். ஊரில் கல்யாணம் என்று வந்து நின்றவர்களுக்கு மட்டும் பத்திரமில்லாமல் எடுத்துக் கொடுப்பார். பாதி திரும்பவில்லை. போய்க் கேளுங்களேன் என்று பெரியம்மா ஒருமுறை கத்தினார்.

பெரியப்பா டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போக வர பஸ்சுக்கு யாருடீ குடுப்பா?"