கண்ணெதிரே ஆபத்து: உதவிக்கு அழைப்பது சட்டக் கடமையா? (கேள்வி பதில்)

கேள்வி: முன்பின் அறியாத ஒருவர் மயங்கிக் கிடக்கும்போது, யாரையும் உதவிக்கு அழைக்காமல் கடந்து போவது குற்றமாகுமா?

பதில்: அது நாட்டுக்கு நாடு மாறுபடும். ஜெர்மனியில் தண்டனைச் சட்டத்தின் 323சி பிரிவின்படி, விபத்து நேர்ந்த இடத்தில் இயன்ற உதவியைச் செய்யாதவருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம். பிரான்ஸில் ஐந்தாண்டு சிறையும் 75,000 யூரோ அபராதமும் வரை தண்டனை உண்டு. இங்கிலாந்துச் சட்டம் அந்நியருக்கு உதவும் பொதுக் கடமை எதையும் விதிப்பதில்லை. ஆனால் ஆபத்தை உண்டாக்கியவர் அங்கும் தப்ப முடியாது. 1983ஆம் ஆண்டு மில்லர் வழக்கில், தம் சிகரெட்டால் மெத்தை எரிவதைக் கண்ட பின்னும் தீயை அணைக்காமல், யாரையும் அழைக்காமல் அடுத்த அறைக்குச் சென்று படுத்துக்கொண்டவர் குற்றவாளி என்றே தீர்ப்பாயிற்று.

கேள்வி: எனக்கு முதலுதவி தெரியாது, நீச்சலும் தெரியாது. நான் என்ன செய்ய முடியும்?

பதில்: அழைக்க முடியும். தமக்கோ பிறருக்கோ ஆபத்தில்லாத நிலையில், நேரில் உதவுவதையோ உதவியை வரவழைப்பதையோதான் பிரெஞ்சுச் சட்டம் எதிர்பார்க்கிறது. ஆற்றில் குதிக்கும்படி அது யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

கேள்வி: கூட்டமாகப் பலர் நிற்கும்போது, வேறு யாராவது அழைத்திருப்பார்கள் என்று நினைப்பது தவறா?

பதில்: உயிர்கள் போவது பெரும்பாலும் இந்த நினைப்பால்தான் என்பது என் உறுதியான கருத்து. உடனிருப்போர் கூடக்கூட ஒவ்வொருவரும் உதவ முன்வருவது குறைகிறது என்பதை டார்லி, லட்டானே என்ற உளவியலாளர்கள் 1968இல் சோதனை செய்தே காட்டினர். 2016இல் ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில், வங்கியின் பணம் எடுக்கும் கூடத்தில் விழுந்து கிடந்த முதியவரைச் சிலர் ஒருவர் பின் ஒருவராகக் கடந்து சென்றனர். இறுதியில் ஒருவர் ஆம்புலன்ஸை அழைத்தார். முதியவர் பின்னர் மருத்துவமனையில் இறந்தார். வீடற்றவர் உறங்குவதாக நினைத்ததாகக் கூறிய மூவருக்கு, மறு ஆண்டு நீதிமன்றம் அபராதம் விதித்தது. ஆகவே பிறர் அழைத்திருப்பார்கள் என்று ஊகிக்காமல், ‘அழைத்துவிட்டீர்களா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆம் என்று யாரும் சொல்லாவிட்டால், நீங்களே அழையுங்கள்.

கேள்வி: உதவப் போய் வழக்கில் சிக்கிக்கொள்ள நேருமோ?

பதில்: இந்த அச்சத்தைப் போக்கவே பல நாடுகள் சட்டம் இயற்றியுள்ளன. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு, சாலை விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவியவரை உரிமையியல், குற்றவியல் பொறுப்புகளிலிருந்து காக்கிறது.