பூட்டிய கணினியில் மெக் ஓ.எஸ். ஓடுமா?

கேள்வி: பம்பலப்பிட்டியில் பாகங்கள் வாங்கி, பத்தாம் தலைமுறை இன்டெல் ஐ5, என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்ட்டுடன் மகன் கணினி பூட்டியிருக்கிறான். கல்யாண வீடியோ எடிட்டிங்குக்காக அதில் அப்பிளின் இயங்குதளமான மெக் ஓ.எஸ். போடப்போகிறானாம். சரிவருமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஐ5 ஒத்துழைக்கும் அம்மா, கார்ட்தான் காலை வாரும். ஆர்டிஎக்ஸ் வரிசைக்கு மெக்கில் டிரைவர், அதாவது கார்ட்டை இயக்கும் மென்பொருள், வந்ததே இல்லை. அப்பிள் அல்லாத கணினியில் மெக் ஓ.எஸ்.ஸைத் தொடக்கிவைக்கும் ஓப்பன்கோர் என்ற மென்பொருள் வழியாக நிறுவினாலும் 3060 சும்மா கிடக்கும். ஐ5 பெட்டியில் மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உள் கிராபிக்ஸும் கிடையாது. ரேடியோன் ஆர்எக்ஸ் 6600 கார்ட்டுக்கு மாறினால் ஓடும்.

ஆனாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அப்பிளின் உரிம ஒப்பந்தம் தன் கணினிகளைத் தவிர வேறெதிலும் இதை அனுமதிப்பதில்லை. அதைவிட, 2025இல் வந்த டஹோதான் இன்டெலுக்கான கடைசி மெக் ஓ.எஸ். பதிப்பு. ஊரார் வீட்டுத் தாலிகட்டு இரண்டாம் முறை நடக்காது. அந்தப் பதிவை இப்படியொரு கணினியை நம்பி ஒப்படைக்கக் கூடாது. விண்டோஸில் டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, 3060இன் பலத்தையும் பயன்படுத்தும். மெக் ஆசை தீரவில்லையென்றால் தனி எஸ்எஸ்டி (சேமிப்பு வட்டு) ஒன்றில் போட்டுப் பழகட்டும்.