நடந்ததை வாய்விட்டுச் சொல்லாமலே மனக்காயம் ஆறுமா?

ஆறும். ஆனால் வாயே திறக்காமல் ஆறுமா என்றால் சந்தேகம்தான். நடந்ததை விலாவாரியாகச் சொல்லாமல் ஆறும், எனக்கு ஆறியிருக்கிறது.

தாம்பரம் பக்கம் பைக் விபத்து. எலும்பு கூடிவிட்டது. லாரியின் ஏர் பிரேக் சத்தம் கேட்டால் மட்டும் கை வெடவெடக்கும். பயந்த கோளாறு என்று அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினார் (அன்று நிம்மதியாகத் தூங்கியது அம்மாதான்). கவுன்சலிங்கில் உட்கார்ந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

பிறகு பார்த்த உளவியலாளர் ஈ.எம்.டி.ஆர். (EMDR) என்ற, கண்ணை அசைக்கவைத்துச் செய்யும் மனக்காயச் சிகிச்சையைச் செய்தார். 1980களின் இறுதியில் அமெரிக்காவில் பிரான்சின் ஷாப்பிரோ என்ற உளவியலாளர் உருவாக்கிய முறை. உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்தது. மனதில் மோசமாக நிற்கும் ஒரே ஒரு காட்சியை நினைக்கச் சொல்லி, இப்போது எவ்வளவு படுத்துகிறது, 0 முதல் 10-க்குள் சொல்லுங்கள் என்பார். இரண்டு விரலை இடமும் வலமும் ஆட்டுவார், கண் பின்னாலேயே போகவேண்டும். அரை நிமிஷத்தில் நிறுத்தி, "இப்ப என்ன வருது?"

"டீசல் வாசனை."

"சரி, அதோடயே போங்க."

பேச்சு அவ்வளவுதான். நினைவு அழியவில்லை, ஆனால் எப்போதோ நடந்ததாகத் தள்ளிப் போய்விட்டது. கண்ணசைவுக்கு இதில் எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் தகராறுதான். யூடியூபைப் பார்த்துத் தனியாகச் செய்ய வேண்டாம். கிளறியதை அடக்கத் தெரிந்த ஆள் எதிரில் இருக்கவேண்டும்.

யோகாவுக்கும் ஆதாரம் உண்டு. மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் குழுவின் 2014 ஆய்வில், சிகிச்சைக்கு மசியாத பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிறகு விடாமல் துரத்தும் மனநோய்) உள்ள 64 பெண்கள். 10 வாரம் யோகா செய்தவர்களில் பாதிப் பேர் அந்த நோய் வரையறைக்குள் வரவில்லை; செய்யாத குழுவில் ஐந்தில் ஒருவர்தான். ஆனால் அந்த யோகாவில் ஆசிரியர் தொட்டுத் திருத்தமாட்டார், கண்ணை மூடுவதும் மூடாததும் உங்கள் இஷ்டம். நம் தெரு வகுப்பில் சவாசனத்தில் "கண்ணைத் திறக்காதீங்க" என்ற அதட்டலிலேயே எனக்கு நெஞ்சு படபடத்தது.

செர்ட்ரலின் மாதிரி மாத்திரைகளும் பலருக்கு உதவுகின்றன, மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்தால்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். ஈ.எம்.டி.ஆருக்குப் போனால் பயிற்சி எங்கே எடுத்தார் என்று கேளுங்கள். உங்களைப் பற்றி எதுவும் விசாரிக்காமல் முதல் நாளே விரலை ஆட்ட ஆரம்பித்தால், வேறு ஆளைப் பாருங்கள்.