உறுதியை மீட்பதா, காசைக் கையில் வைப்பதா?

கேள்வி: நான் ஆசிரியை. கணவர் இரணைமடுக் குளத்தின் கீழ் ஆறு ஏக்கர் வயல் செய்கிறார். வீட்டுக்கடனில் இன்னும் 12 லட்சம் மீதி. வட்டி 13 வீதம், மாதத் தவணை 24,100 ரூபா, இன்னும் ஆறு வருடம் கட்ட வேண்டும். சீட்டுக்காசும் சேமிப்புமாக 10 லட்சம் இருக்கிறது. வீட்டு உறுதிப்பத்திரம் வங்கியில் கிடக்கிறதே, கட்டி மீட்டுவிடு என்கிறா அம்மா. கணவரோ 8 வீத வட்டிக்கு நிலையான வைப்பில் போடலாம் என்கிறார். போன விதைப்புக்கு 3 லட்சத்துக்கு அடைவு வைத்த நகையும் 18 வீத வட்டியில் நிற்கிறது. என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, கடைசியில் போகிறபோக்கில் சொன்னீர்களே நகை, முதலில் அதை மீட்டெடுங்கள். 18 வீதம் வட்டி கட்டிக்கொண்டே 8 வீதத்துக்கு வைப்பில் போடுவது எந்தக் கணக்கிலும் சரிவராது.

மிச்சம் 7 லட்சம். வட்டியை மட்டும் பார்த்தால் அம்மா சொல்வதுதான் சரி. வைப்பு வட்டியில் 10 வீதத்தை வரியாகப் பிடிப்பார்கள். உங்கள் ஆண்டு வருமானம் 18 லட்சத்துக்குள் என்றால் சுயபிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். தவிர்த்தாலும் 8 வீதம்தான். கடனுக்கு நீங்கள் கொடுப்பது 13. உங்கள் கடன் மாறும் வட்டியா என்றும் பத்திரத்தைப் பாருங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வட்டிகளுக்கெல்லாம் அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகள் ஏற்றியபோது, மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்கள் பட்ட பாடு உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஆனாலும் 7 லட்சத்தையும் கட்டிவிடாதீர்கள். இரண்டு பேரும் மாதச்சம்பளம் எடுக்கும் வீடென்றால் "கட்டுங்கள்" என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். உங்கள் வீட்டில் ஒரு கால் வயலில் நிற்கிறது. காலபோகம் என்ற மாரிகால நெற்செய்கை தொடங்க உழவுக்கும் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் காசு வேண்டும். கையில் இல்லாவிட்டால் நகை திரும்பவும் அடைவுக்குப் போகும். அல்லது வியாபாரியிடம் முற்பணம் வாங்கி, அறுவடையன்றே ஈரநெல்லை அவர் சொல்லும் விலைக்கு அளக்க வேண்டும். காயவைத்து, விலை ஏறும்வரை வைத்திருக்க முடிந்தவருக்குத்தான் நெல்லில் நாலு காசு மிஞ்சும். 2018 மார்கழி வெள்ளம் மாதிரி ஒன்று வந்தால் இன்னும் மோசம். கடனில் கட்டிய காசைத் திருப்பித் தாருங்கள் என்று வங்கியில் கேட்கவும் முடியாது. ஆகவே ஒரு போகச் செலவும் சில மாதத் தவணையுமாக 4 லட்சத்தை ஒதுக்குங்கள். கணவரின் யோசனைக்கு இங்கேதான் இடம்: பாதியைச் சேமிப்புக் கணக்கிலும் பாதியை மூன்று மாத வைப்பிலும் போடலாம். கூட வட்டி என்று யார் ஆசை காட்டினாலும் மத்திய வங்கியின் அனுமதி இல்லாத இடத்தில் போடாதீர்கள்.

மீதி 3 லட்சத்தை வீட்டுக்கடனின் முதல்தொகையில் கழியும்படி கட்டுங்கள். தவணை அதே 24,100 ஆக இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஆறு வருடக் கடன் ஏறக்குறைய நாலு வருடத்தில் முடியும். வட்டியில் சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் மிச்சம். காலத்தை விட்டுத் தவணையைக் குறைத்தால் அதில் பாதிதான் மிஞ்சும். முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் அறவிடுவார்களா, எவ்வளவு என்பதையும் காசைக் கொடுக்க முன்னரே கேட்டு வாங்குங்கள்.

அடுத்த அறுவடை நல்லபடி வந்தால் இன்னொரு தொகை கட்டலாம். அம்மாவுக்கு ஒன்று சொல்லுங்கள்: கடன் முடிந்தாலும் உறுதியைக் கையில் வாங்கினால் மட்டும் போதாது, வீட்டின் மேலுள்ள ஈட்டை (அடமானத்தை) நீக்கி அதைக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்யவும் வேண்டும். நொத்தாரிசுக்கான செலவை இப்போதே கணக்கில் வையுங்கள்.