உருளைக்கிழங்கு வேகும் நேரம்

கேள்வி: பெண் இயக்கிய உலகப் படங்களில் ஒன்றே ஒன்றைப் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பெல்ஜிய இயக்குநர் சந்தால் ஆக்கர்மான் 1975-இல், தன் 24 வயதில் முடித்த 'ழான் தீல்மன்'. பிரஸ்ஸல்ஸில் மகனோடு வாழும் ஒரு விதவையின் மூன்று நாள்கள். படம் 3 மணி 21 நிமிடம். கிழங்குத் தோல் சீவுவதையும் பாத்திரம் கழுவுவதையும் அவசரப்படாமல் முழுசாகக் காட்டுகிறார். இரண்டாம் நாள் கிழங்கு குழைந்துவிடுகிறது. அந்தப் பாத்திரத்தோடு அந்த விதவை வீட்டுக்குள் அலையும்போது எனக்கு நெஞ்சு படபடத்தது. அம்மா அரிசி களைவதை நான் நின்று பார்த்ததே அதற்கப்புறம்தான். 2022-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழ், எக்காலத்துக்கும் சிறந்த படங்களைத் தேர்ந்தெடுக்க நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் இதற்கு முதலிடம். ஒரு பெண்ணின் படம் அங்கே முதலில் வந்தது அதுதான் முதல்முறை. சரி, ஒரே மூச்சில் பாருங்கள். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.