மேட்டைச் சமப்படுத்தாதீர்கள், முதலில் வடிகாலைத் தேடுங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் சாலிஸ்பரிக்குப் பக்கத்தில் ஆற்றோரமாக நான்கு ஏக்கர் புல்வெளி வாங்கியிருக்கிறோம். நிலம் முழுக்க வரிவரியாக மேடும் பள்ளமும். பழைய ‘வாட்டர் மெடோ’, அதாவது ஆற்று நீர் பாய்ச்சி வளர்த்த புல்வெளி, என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர். சமப்படுத்திவிடலாமா, இல்லை பழையபடி தண்ணீர் பாய்ச்ச முடியுமா? ஊரில் அப்பாவோடு நெல்லுக்குத் தண்ணீர் கட்டிய பழக்கம் எனக்கு உண்டு.

பதில்: தயவுசெய்து சமப்படுத்தாதீர்கள். அந்த மேடு பள்ளம்தான் பாசன அமைப்பே. 17ஆம் நூற்றாண்டு தொடங்கி வில்ட்ஷயர், டார்செட், ஹாம்ப்ஷயர் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறை ஆறுகளின் ஓரமாக மண்வெட்டியால் வெட்டி வெட்டி உண்டாக்கியவை இவை. ஒரே ஒரு நாள் புல்டோசர் ஓடினால் போதும், எல்லாம் போய்விடும்.

நெல் அனுபவம் கைகொடுக்கும், ஆனால் ஒரு விஷயத்தில் அதை மறந்தே ஆக வேண்டும். நெல்லுக்குத் தண்ணீரைக் கட்டி நிறுத்துகிறோம். இங்கே நின்றால் புல் கெட்டுவிடும். ஒவ்வொரு மேட்டின் முகட்டிலும் ஒரு சின்ன வாய்க்கால் இருக்கும், அது இரண்டு பக்கமும் வழிந்து, புல்லின் அடியை நனைத்தபடி சுமார் ஒரு அங்குல ஆழத்தில் சரிவில் இறங்கி, பள்ளத்து வடிகாலில் விழுந்து, கடைசியில் ஆற்றுக்கே திரும்பிவிடும். இந்த வேலையைப் பார்த்தவரை ‘ட்ரவுனர்’ என்பார்கள், நம் ஊர் நீர்க்கட்டி மாதிரி. தண்ணீர் குதிரை நடையோட்டத்தில் உள்ளே வர வேண்டும், நாலுகால் பாய்ச்சலில் வெளியே போக வேண்டும் என்பது அவர்கள் சொல்லிவந்த பேச்சு.

ஏன் இந்த அவசரம்? குளிர்காலத்தில் தண்ணீர் விடுவது நிலத்தை நனைக்க மட்டுமில்லை, முக்கியமாகச் சூடாக்கத்தான். சுண்ணாம்புப் பாறை ஊற்று நீர் ஜனவரியிலும் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸில் வெளியே வருகிறது. அது ஓடிக்கொண்டே இருந்தால் உறைபனி புல்லைத் தொடாது, வண்டலும் கொஞ்சம் சேரும், மற்ற வயல்களுக்குச் சில வாரம் முன்பே புல் கிளம்பிவிடும். சேர்த்துவைத்த உலர்புல் தீர்ந்துபோகும் மார்ச், ஏப்ரலில் குட்டி ஈன்ற ஆடுகளுக்கு இதுதான் தீவனம். அந்தக் காலத்தில் பகலில் இங்கே மேய்த்து இரவில் தானிய வயலில் கிடை போடுவார்கள், எருவுக்காக. சரி, அதே நீர் தேங்கினால்? சூட்டை இழந்து ஆறிப்போகும், வேருக்குக் காற்றும் போகாது.

அதனால் வேலையை வடிகாலிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் ஆற்றில் போய் விழும் கடைசி இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மேல்நோக்கித் தூர் வாரிக்கொண்டு வாருங்கள். மேலே இருக்கும் மதகைச் சரிசெய்து தண்ணீரைத் திறந்துவிட்டு, போக வழியில்லாமல் வயலைச் சதுப்பாக்குவதுதான் பெரும்பாலும் நடக்கும் தப்பு. அடுத்தது முகட்டு வாய்க்கால்: அதன் கரை மட்டமாக இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொட்டி மற்ற இடம் காயும். கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். வழியாத இடத்தில் புல்லோடு வெட்டிய மண்கட்டியை வாய்க்காலுக்குள் வைத்து மட்டத்தை ஏற்றுங்கள். எலி மாதிரி மண்ணுக்குள் வளை தோண்டும் ‘மோல்’ இருந்தால் நீர் மாயமாய் மறையும், அந்த ஓட்டைகளை அடைக்க வேண்டும். நான்கு ஏக்கரையும் ஒரே வருடத்தில் எடுக்காமல் இரண்டு மூன்று மேட்டோடு ஆரம்பியுங்கள்.

தண்ணீரைச் சில நாள் விட்டு, சில நாள் நிறுத்தி நிலத்தை மூச்சுவிட விடுங்கள். வெயில் ஏற ஏற விடும் நாட்களைக் குறைக்க வேண்டும், புல்லில் நுரை மாதிரி பாசி படிந்தால் உடனே நிறுத்துங்கள். மேய்ச்சலுக்கு முன்னால் நிலம் கெட்டியாகட்டும். மே மாதத்துக்குள் ஆடுகளை வெளியேற்றிவிட்டுப் புல்லை வளரவிட்டு ஜூன், ஜூலையில் அறுக்கலாம். அப்புறம் மாடுதான், ஆடு வேண்டாம்: ஈர நிலத்து நத்தை வழியாக ஈரல் புழு வரும், அந்தக் காலத்து மேய்ப்பர்களே இதில் கண்டிப்பாக இருந்தார்கள். கனமான டிராக்டரை உள்ளே விடவே கூடாது.

அனுமதி விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேனே தவிர அதுதான் முதலில் செய்ய வேண்டியது. ஆற்றிலிருந்து நீர் எடுப்பதற்கும் மதகைத் தொடுவதற்கும் முன்பு சுற்றுச்சூழல் முகமையிடம் கேளுங்கள். நிலம் பாதுகாக்கப்பட்ட இடமாக இருந்தால் இயற்கைப் பாதுகாப்பைப் பார்க்கும் நேச்சுரல் இங்கிலாந்து, பழஞ்சின்னங்களைப் பார்க்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து ஆகிய அமைப்புகள் இரண்டும் இதில் வரும். டிரவுட் மீன்கள் முட்டையிடுவதும் குளிர்காலத்தில்தான், அதனால் தூர் வாரிய சேற்றை ஆற்றில் கலக்கவிடாதீர்கள். மதகைச் சட்டென்று அடைத்தால் வாய்க்காலுக்குள் வந்த மீன்கள் தரையில் மாட்டிக்கொள்ளும், மெதுவாக அடையுங்கள்.

சாலிஸ்பரி தேவாலயத்துக்கு எதிரிலேயே ஹார்ன்ஹாம் புல்வெளிகள் இருக்கின்றன, ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. அவர்களிடம் கேட்டுக்கொண்டு, தண்ணீர் பாய்ச்சும் நாளில் போய்ப் பக்கத்தில் நின்று பாருங்கள். உங்கள் நிலத்தில் இந்தக் குளிர்காலம் தண்ணீர் விட வேண்டாம். பெரிய மழைக்கு மறுநாள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நடந்து, எங்கே நீர் நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். அந்தத் தாளோடு எழுதினால் எந்த வடிகாலை முதலில் எடுப்பது என்று சொல்கிறேன்.